ஒரு மோட்டர், இரண்டு பற்றரி

வணக்கம் நேயர்களே. 2022 ஆகஸ்டில், வள்ள எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதை யாழ்ப்பாணத்துக் குருநகர், பாசையூர்க் கரைகளில் லேசில் மறக்க மாட்டார்கள். சின்ன வள்ளத்துக்குப் பற்றரியில் ஓடும் மோட்டர் பூட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காகப் பேசுகிறேன். ஆழ்கடலுக்கு அது சரிவராது. ஆழமில்லாத பரவைக்கடலில் மெதுவாய்ப் போய்வரத் தாராளமாய்ப் போதும்.

24 வோல்ற் மோட்டருக்கு 12 வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். ஒன்றின் நேர்முனையையும் மற்றதன் எதிர்முனையையும் வயரால் சேர்த்து, மிஞ்சிய இரண்டு முனைகளை மோட்டருக்குக் கொடுப்பதுதான் முறை. வோல்ற் இரட்டிக்கும், ஆனால் பற்றரியின் கொள்ளளவு கூடாது, 100 அம்பியர்-மணி 100 ஆகவே நிற்கும். அதிலும் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. மோட்டர் 25 அம்பியர் இழுத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். சோளகக் காற்று எதிர்த்து அடித்தால் திரும்பி வரத்தான் கூடச் செலவாகும். வாகனப் பற்றரி இதற்கு உதவாது, நெடுநேரம் இறக்கி ஏற்றத் தாங்கும் பற்றரியை, டீப் சைக்கிள் என்று கேட்டு வாங்குங்கள்.

நான் ஆகக் கண்டிப்பாய்ச் சொல்வது, சோடியாய் இருக்கும் பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைற்றுக்கு வயர் இழுக்காதீர்கள். லைற் எரித்த பற்றரிதான் முதலில் இறங்கும். மற்றதில் தெம்பு இருப்பதால் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கியதை இன்னும் உறிஞ்சும். அதன் செல்கள் முனை மாறிப் பழுதாகவும் கூடும். பிறகு இரண்டையும் சேர்த்து 24 வோல்ற் சார்ஜரில் போட்டால், முதலில் நிறைந்தது கொதித்துத் தண்ணி வற்றும். மற்றதோ நிறையாமலே கிடந்து, தகட்டில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். இப்படித்தான் நல்ல பற்றரிகள் வீணாகின்றன! லைற்றுக்குச் சின்னதாய் ஒரு பற்றரி தனியே வையுங்கள்.

சார்ஜ் ஏற்றிச் சில மணித்தியாலம் ஆறவிட்டு ஒவ்வொரு பற்றரியிலும் மீற்றர் வைத்து வோல்ற் பாருங்கள். 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. இரண்டு பற்றரிக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஒவ்வொன்றையும் 12 வோல்ற் சார்ஜரில் தனித்தனியே ஏற்றுங்கள். ஒன்று செத்தால், காசு கஷ்டம்தான், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உப்புக்காற்றுக்கு முனைகளில் வாசலின் பூசுங்கள், நேர்முனைக்குக் கிட்ட ஒரு பியூஸ் பூட்டுங்கள். அப்புறம், கரைக்கு வந்த அன்றே சார்ஜில் போடுங்கள், ஆனால் பூட்டிய அறைக்குள் வேண்டாம். ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். சுருட்டோடு கிட்டப் போகாதீர்கள்.