அட்டவணை போதாது, உட்கரு உறையைப் பிடியுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டிஎன்ஏவைச் சூழும் உட்கரு உறை இல்லாத, பாக்டீரியா போன்ற புரோகேரியோட்டிக் செல்லையும், அந்த உறை உள்ள, நம் செல் போன்ற யூகேரியோட்டிக் செல்லையும் வேறுபடுத்தி எழுத, பத்து வரி அட்டவணையை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறது எதிரணி. உட்கரு உறை ஏன் என்று புரிந்து படித்தால்தான் விடை நிற்கும் என்பது எங்கள் அணி.

ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதற்குள் சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட வட்ட டிஎன்ஏ, உறையே இல்லாமல் நியூக்ளியாய்டு பகுதியில் சுருண்டு கிடக்கிறது. தடுப்பு இல்லாததால், டிஎன்ஏவின் செய்தியை நகலெடுத்துச் செல்லும் தூது ஆர்என்ஏ முழுதும் படியெடுத்து முடிவதற்குள்ளேயே ரைபோசோம்கள் அதைப் பற்றிக்கொண்டு புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. நம் செல்லில் இது நடக்காது. படியெடுத்தல் உட்கருவுக்குள். அந்த ஆர்என்ஏவில் வேண்டாத துண்டுகளான இன்ட்ரான்களை வெட்டி, எஞ்சும் துண்டுகளான எக்ஸான்களை ஒட்டுவதும் அங்கேயே. அதன் பிறகுதான் ஆர்என்ஏ உட்கருத் துளை வழியாக சைட்டோபிளாசத்துக்கு வருகிறது.

அட்டவணை எங்கே காலை வாருகிறது? "புரோகேரியோட்டில் உள்ளுறுப்பு இல்லை" என்று மனப்பாடம் செய்த மாணவர், ரைபோசோமும் இல்லை என்று எழுதிவிடுகிறார். இல்லாதவை சவ்வு சூழ்ந்த உள்ளுறுப்புகள் மட்டுமே. ரைபோசோம் உண்டு, அது 70எஸ். துணை அலகுகள் 50, 30. யூகேரியோட்டின் சைட்டோபிளாசத்தில் 80எஸ். துணை அலகுகள் 60, 40. ஐம்பதும் முப்பதும் எண்பதுதானே என்று குழம்பாதீர்கள். எஸ் என்பது ஸ்வெட்பெர்க், வீழ்படியும் வேகத்தைச் சொல்லும் அலகு. வடிவத்தையும் பொறுத்து அது மாறும், கூட்டல் கணக்கு செல்லாது. செல் சுவரை வைத்தும் பிரிக்க முடியாது: விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லை, பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கும் இல்லை.

"முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லையே, அப்போது உங்கள் வாதம் என்னாகும்?" என்று எதிரணி நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் செல் எலும்பு மஜ்ஜையில் உட்கருவோடுதான் உருவாகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான ஜீனில் 2 இன்ட்ரான்கள். அவற்றை நீக்கும் வேலை அந்த உட்கருவுக்குள் நடக்கிறது. உட்கரு வெளியேற்றப்பட்ட பின்னும், ரெட்டிகுலோசைட் என்ற முழுதும் முதிராத சிவப்பணு நிலையில், மிச்சமிருக்கும் தூது ஆர்என்ஏவைக் கொண்டு 80எஸ் ரைபோசோம்கள் ஹீமோகுளோபினைச் செய்துகொண்டேயிருக்கின்றன. 'உட்கரு: உண்டு, இல்லை' என்று இரண்டே கட்டங்கள் வைத்திருக்கும் நண்பர், இந்தச் செல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவார், நடுவர் அவர்களே?