வண்டி பேசும்போது நேரத்தைப் பேசுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில், பள்ளிக்கூட லீவுக்கு, கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணன் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கம் கடலோர விடுதி ஒன்றில் தங்கினார்கள். முதல் நாள் முருகனைக் கும்பிட்டார்கள், நாழிக்கிணற்றில் குளித்தார்கள், பிள்ளைகள் பொழுது சாய்கிறவரை கடலை விட்டு ஏறவில்லை. இரண்டாம் நாள் காலையில் எனக்குப் போன் வந்தது. "அத்தை, கடல் பாத்தாச்சு. இங்க வேற என்ன இருக்கு?"

முப்பது வருஷம் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவள் நான். அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. "ஒரு கார் பேசும்மா, நானும் வாறேன்" என்றேன்.

விடுதியிலேயே ஏற்பாடு செய்து தந்தார்கள். அரை நாளில் நவதிருப்பதி, இவ்வளவு ரூபாய் என்று ஒரே பேச்சு. ஒன்பது பெருமாள் கோயில்களும் தாமிரபரணியை ஒட்டியே இருப்பதால் சுற்றி வருவது பெரிய தூரமில்லை. ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் எங்களுக்குக் கிடைத்தது பத்து, பதினைந்து நிமிடம். செருப்பைக் கழற்றினோம், ஓடினோம், கும்பிட்டோம், செருப்பை மாட்டினோம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப்புளி மரத்தைச் சின்னவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அப்படி ஓடியும் கடைசி இரண்டு கோயில்களில் நடை சாத்திவிட்டார்கள். ஆதிச்சநல்லூர்ப் பலகையைக் கண்டதும், "அண்ணாச்சி, இங்க ஒரு அரை மணி நேரம் நிப்பாட்டுங்க" என்று கேட்டேன். "ரெண்டு மணிக்கு அடுத்த டிரிப்பு இருக்கு டீச்சர்" என்றார் டிரைவர். அவர் மேல் குற்றமில்லை. அவருடைய பிற்பகலை வேறு யாருக்கோ முன்பே கொடுத்தாகிவிட்டது.

அன்று ராத்திரி நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டாக்சி ஸ்டாண்டுக்கு நேராகப் போய் மறுநாளைக்கு வண்டி பேசினேன். அங்கே இருந்த ஒரு மூத்த டிரைவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "டீச்சர், நம்ம பக்கம் சுத்துறதுக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒங்களுக்குக் கட்டாது. காலையில ஆறு மணிக்கு எடுக்கேன், பொழுதடைய கொண்டாந்து விட்டுருதேன். நடுவுல எங்க எவ்வளவு நேரம் நின்னாலும் ஏன்னு கேக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. வெளியூர் வாடகை என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டருக்குப் பணம் கேட்பார்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும். திருச்செந்தூரிலிருந்து உடன்குடியும் மணப்பாடும் 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆழ்வார்திருநகரி 30-க்குள். நாள் முழுக்கச் சுற்றினாலும் 150 ஓடாது. அதனால் 8 மணி நேரம், 12 மணி நேரம் என்று உள்ளூர் வாடகை பேசுவதுதான் சரி. மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது, வண்டி ஷெட்டிலிருந்தா, நாம் ஏறுகிற இடத்திலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் பேட்டாவும் பார்க்கிங்கும் சேர்த்தா, தனியா என்பதையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், முன்னால் பேசிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

இன்னொன்று, வண்டியின் நம்பர் பலகை. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகை வண்டி. நாமே ஓட்டுகிற செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கு. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் ஏறி, வழியில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடக்கூடும். செல்ஃப் டிரைவ் எடுப்பவர்கள் சாவியை வாங்குமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். என் தம்பி மகன் அதைச் செய்யாமல், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு டெபாசிட்டில் பாதியை இழந்தான்.

சரி, மறுநாளுக்கு வருவோம். ஆறு மணிக்கு வண்டி வந்தது. முதலில் உடன்குடிப் பக்கம், பனங்காட்டுக்குள் ஒரு விடிலி. பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பெரியவள் முதலில் முகம் சுளித்தாள், பிறகு இன்னொரு பட்டை கேட்டாள். பதநீர் கொதித்துப் பாகாகி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக இறுகுகிறவரை பிள்ளைகள் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இப்படித்தான் பிறக்கிறது. அந்த விடிலியில் மட்டும் இரண்டு மணி நேரம் போயிற்று. டிரைவர் அண்ணாச்சி பனைக்கடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் தேரி. கடலிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் குங்குமம் கொட்டியதுபோல் மேடுமேடாகச் செம்மணல். காற்று கொண்டுவந்து குவித்த மணல் இது. மணல் துகள்களின் மேல் இரும்பு துருவாகப் படிந்து இந்த நிறம் வந்தது. பாடப் புத்தகத்தைப் பார்த்து எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். சின்னவன் ஒரு கை அள்ளி, காலையில் சட்டைப்பையில் போட்டிருந்த கடல் மணலோடு சேர்த்துப் பார்த்தானே, அதைவிட நல்ல பாடத்தை நான் நடத்தியதில்லை. அந்தச் செம்மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். சுனையும் மரமும் நிழலும், வெளியே அனல். செல்ஃப் டிரைவில் வருபவர்கள் இங்கே தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட இறக்க வேண்டாம், புதைந்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் மணல் முகத்தில் அடிக்கும். பங்குனி உத்திரத்தன்று ஊரே குலசாமி கோயிலுக்குப் போகும். கார் கிடைப்பது பெரும்பாடு. குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்கும் கந்த சஷ்டிக்கும் அப்படித்தான்.

மதியம் ஆதிச்சநல்லூர், பழங்காலத்து இடுகாடு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டத் தொடங்கிய இடம். அவருக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடிக்கு அடியில் பார்க்கலாம். பிள்ளைகள் அங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலே.

கொற்கைக்குச் சாயங்காலம் போனோம். வாழைத் தோட்டம், ஒரு குளம், வயதான வன்னி மரம், சின்ன ஊர். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இதுதான் என்றேன். "அப்போ கடல் எங்க, ஆச்சி?" என்றான் சின்னவன். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் நூற்றாண்டு நூற்றாண்டாகப் படிந்து, கடலை ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. நான் விளக்குவதற்குள் அண்ணாச்சி அவனைத் தோளில் தூக்கிக் கிழக்கே கை நீட்டினார். "அந்தா, அந்தப் பனைக்கெல்லாம் அங்கிட்டு. ஒங்க ஆறுதான் தள்ளிவிட்டுருக்கு."

ஊருக்குக் கிளம்பும் நாளிலும் அதே வண்டியைப் பேசினாள் என் அண்ணன் மகள். காலையில் மணப்பாடு. 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை, 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். மேட்டில் ஏறி நின்றபோது மீன்பிடிப் படகுகள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு ரயில் என்று நான்தான் நினைவுபடுத்தினேன். சின்னவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதில் இப்போது இரண்டு நிறத்திலும் மணல் இருந்தது.

வணக்கம்.