ஸ்டான்ஃபோர்டுக்கு எப்படிப்பட்ட கோச் வேண்டும்? பிரிட்சர்ட் வந்ததில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்

வணக்கம் மக்களே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் புதிய தலைமை கோச் டவீட்டா பிரிட்சர்ட்! 2025 நவம்பர் கடைசியில் அறிவித்தார்கள், எனக்கு இன்னும் அந்தக் குஷி அடங்கவில்லை. என் ஸ்டான்ஃபோர்டு பைத்தியம் உங்களுக்குப் பழகிப்போன விஷயம்தான். போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கருத்தைப் போட்டிருந்தீர்கள்: "அது படிக்கிற இடம், அங்கே யார் கோச்சாகப் போனாலும் தோற்கத்தான் செய்வார்கள்." இதைப் படித்தால் எனக்கு எரிகிறது. இன்றைக்கு இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்காக 2007-ல் ஸ்டான்ஃபோர்டு யூ.எஸ்.சி.யோடு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆடிய ஆட்டத்தை முழுசாகத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரே ஒரு பழைய ஆட்டம், அதைப் பார்க்க ஒரு செயலிக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 30 டாலர்! ஒரு ஆட்டம் மட்டும் வாங்க வழியே கிடையாது. சரி என்று கட்டினேன். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரௌட்டரை அணைத்துப் போட்டேன், போனில் திறந்தேன், லேப்டாப்பில் திறந்தேன், எல்லாவற்றிலும் சரியாக நாலாவது டவுனுக்கு (பந்தை முன்னேற்றக் கிடைக்கிற நாலு வாய்ப்பில் கடைசி) முன்னால் நிற்கிறது. கடைசியில் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தேன், ஓடிவிட்டது! மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் ஓடியது. இதே தொல்லை உங்களுக்கும் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், ரௌட்டரைத் தொடாதீர்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு அதற்கு முந்தைய வருடம் 12 ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. யூ.எஸ்.சி. நாட்டிலேயே இரண்டாவது இடம், சொந்த மைதானத்தில் தொடர்ந்து 35 வெற்றி. பந்தயக்காரர்கள் யூ.எஸ்.சி. 41 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணித்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் வழக்கமான குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துகிறவர்) உடல்நிலை காரணமாக ஆடவில்லை. அவருக்குப் பதில் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்து இறங்கிய பையன்தான் இந்தப் பிரிட்சர்ட். நாலாவது டவுன், 20 கெஜம் வேண்டும். ரிச்சர்ட் ஷெர்மனுக்கு வீசுகிறார், கிடைத்துவிடுகிறது. (ஆமாம், பின்னாளில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் தடுப்பாட்டத்தில் கலக்கிய அதே ஷெர்மன், அப்போது பந்து பிடிக்கிறவர்.) அப்புறம் எல்லைக்குப் பக்கத்தில் மறுபடியும் நாலாவது டவுன். ஒரு நிமிடம்கூட மீதியில்லை. மூலையில் நின்ற மார்க் பிராட்ஃபோர்டுக்கு உயரமாக ஒரு வீச்சு. 24-23, ஸ்டான்ஃபோர்டு ஜெயித்துவிட்டது. அந்தப் பையனே இப்போது தலைமை கோச்!

ஆனால் என் சந்தோஷத்துக்குக் காரணம் அந்த ஒரு வீச்சு இல்லை. இந்த மாதிரிப் பல்கலைக்கழகத்தில் கோச்சின் வேலையே வேறு. மற்ற இடங்களில் கோச்சுக்கு ஒரு பையனைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே அட்மிஷன் அலுவலகமும் சரி சொல்ல வேண்டும். நன்றாக ஆடுகிறவன், பள்ளியில் கஷ்டமான பாடங்களை எடுத்து நல்ல மார்க் வாங்கியவன், இரண்டும் சேர்ந்த பையன்கள் ஒரு ஊரில் கிடைக்க மாட்டார்கள், நாடு முழுக்கத் தேட வேண்டும். தோற்கிற கோச் இதைக் காரணமாகச் சொல்வார். ஜெயிக்கிற கோச் இதிலிருந்தே ஆட்ட பாணியை உருவாக்குவார்.

2007 முதல் 2010 வரை இங்கே கோச்சாக இருந்த ஜிம் ஹார்பா அதைத்தான் செய்தார். மின்னல் வேக ஓட்டக்காரர்களுக்காகப் பெரிய பல்கலைக்கழகங்களோடு அவர் மல்லுக்கட்டவில்லை. பெரிய உடம்பு, நல்ல மூளை, முன்வரிசையில் நின்று தள்ளுகிற பையன்களைப் பிடித்தார். எல்லோரும் ஆட்களை மைதானம் முழுக்கப் பரப்பி ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் கூடுதல் முன்வரிசை ஆட்களை இறக்கி நெருக்கி ஆடினார். ஆண்ட்ரூ லக் குவாட்டர்பேக்காக இருந்தபோது ஒரு ஆட்டத்திட்டம் மட்டும் சொல்லி அனுப்ப மாட்டார்கள், இரண்டு மூன்று கொடுப்பார்கள். எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்து லக் அங்கேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். கட்டடக்கலை வடிவமைப்பு படித்துக்கொண்டே அதைச் செய்த பையன் அவர். ஹார்பாவின் வெற்றி-தோல்விக் கணக்கைப் பாருங்கள்: 4-8, 5-7, 8-5, கடைசியில் 2010-ல் 12-1. நாலு வருடத்தில்!

ஐயோ, ஓவன் மரேசிக்கை விட்டுவிட்டேனே! அவர் இல்லாமல் அந்த 2010-ஐப் பேசவே கூடாது. அந்தக் காலத்தில் தாக்குதலிலும் தடுப்பிலும் இரண்டு பக்கமும் ஆடியவர். நோட்ர டேம் ஆட்டத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது), உடனேயே தடுப்பில் நின்று எதிரணி வீசிய பந்தைப் பிடித்து ஓடி இன்னொரு டச்டவுன். இரண்டுக்கும் நடுவே 13 விநாடி. எனக்கு ஸ்டான்ஃபோர்டில் மிகப் பிடித்த ஆட்டக்காரர் அவர்தான், லக்கைவிட.

ஹார்பா போன பிறகு டேவிட் ஷா. அந்த மைதானத்தில் ஆடிய பழைய மாணவர், அப்பாவும் அங்கே கோச்சாக இருந்தவர். 96 வெற்றி, ஸ்டான்ஃபோர்டு வரலாற்றிலேயே அதிகம். 2012, 2013, 2015 என மூன்று பேக்-12 பட்டம் (ஸ்டான்ஃபோர்டு அப்போது ஆடிய கல்லூரி லீக்). இதே அட்மிஷன், இதே பாடம், இதே தேர்வு! "படிக்கிற இடம்" என்று சொன்னவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

பிறகு ஏன் சரிந்தது? 2021 முதல் வீரர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் கல்லூரி மாறலாம் என்றாகிவிட்டது. எல்லோரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற நினைக்கிற வீரர்களின் பெயர்ப் பட்டியல்) ஆளை அள்ளினார்கள். ஸ்டான்ஃபோர்டிலோ பாதியில் வந்து சேர்வதே கஷ்டம். போகிறவர்கள் போனார்கள், வருகிறவர்கள் வரவில்லை. ஷாவின் கடைசி இரண்டு சீசனும் 3-9. அடுத்து வந்த டிராய் டெய்லருக்கும் இரண்டு சீசன், இரண்டும் 3-9, 2025 மார்ச்சில் நீக்கினார்கள். ஃபிராங்க் ரைக் ஒரு வருடத்துக்கு இடைக்காலமாக வந்து 4-8.

இப்போது 2024 கடைசியிலிருந்து லக்தான் பொது மேலாளர். இது பெரிய விஷயம். பணம், போர்ட்டல் இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டால் கோச் பையன்களைப் பார்க்கலாம். பிரிட்சர்ட் 2010 முதல் 2022 வரை அங்கேயே உதவி கோச்சாக இருந்தவர். எந்த மாதிரிப் பையன் அங்கே தாங்குவான், யார் முதல் தேர்விலேயே திணறுவான் என்று அவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் என்.எஃப்.எல். அணியான வாஷிங்டன் கமாண்டர்ஸில் குவாட்டர்பேக் கோச்சாக இருந்துவிட்டு வருகிறார்.

பழைய மாணவராக இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று சொல்ல வரவில்லை, ஹார்பா மிச்சிகனில் படித்தவர். ஆனால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அதன் கோச் கிளார்க் லீ அங்கே ஆடியவர். முதல் சீசன் 2-10, மூன்றாவது சீசனும் 2-10. வேறு இடமாக இருந்தால் அன்றே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் விட்டுவைத்தார்கள். அடுத்த வருடமே முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று சாய்த்தார், 2025-ல் பத்து வெற்றி. அங்கேயும் நல்ல படிப்புதான் மக்களே!

பிரிட்சர்டுக்கும் அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும். நான் பார்க்கப்போவது முன்வரிசைக்கு எத்தனை பள்ளிப் பையன்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், இருக்கிறவர்களில் யார் போகாமல் நிற்கிறார்கள், இந்த இரண்டுதான். முதல் சீசனில் ஆறு ஆட்டம் ஜெயித்தால் பௌல் (சீசன் முடிந்த பிறகு நடக்கிற சிறப்பு ஆட்டம்) தகுதி கிடைத்துவிடும், எனக்கு அது போதும். அடுத்த வீடியோ வாண்டர்பில்ட்டா டியூக்கா என்று கீழே சொல்லுங்கள், நான் இன்றிரவே டியூக்கின் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பிக்கிறேன், சந்தாவில் இன்னும் நாள் இருக்கிறது.