ஒரு அடிக்கு 3 மில்லிமீற்றர்

வணக்கம் நேயர்களே. நான் திருகோணமலையில மோட்டர் வைண்டிங் கடை வச்சிருக்கிற ஆள், ஃபேன், தண்ணிப் பம்ப், கிரைண்டர் எண்டு எரிஞ்சு போய் வாற மோட்டருகளுக்குத் திரும்பக் கம்பி சுத்துறதுதான் தொழில். பின்னேரம் கடையைப் பூட்டிப்போட்டு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சாப் பிறகு, பின் அறையில சின்ன அளவில ரயில் பாதை கட்டுறன். அதைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கினம், எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டா மொடல் ரயில்வே பற்றித் தமிழில கதைக்கிற ஆக்களே குறைவு, அதிலயும் எங்கட திருகோணமலைப் பாதையை மொடல் செய்யிறதைப் பற்றி நான் எங்கயும் கேட்டதில்ல.

பெட்டரி போட்டா வட்டமா ஓடுற விளையாட்டுச் சாமான் எல்லாருக்கும் தெரியும், பிள்ளையள் அதிலதான் தொடங்குங்கள், அதில பிழையொண்டும் இல்ல. ஆனா மொடல் ரயில்வே எண்டா உண்மையான ஒரு பாதையை, உண்மையான ஒரு ஸ்டேஷனை, எல்லாத்தையும் ஒரே அளவில குறைச்சுக் கட்டுறது. பிளட்ஃபோம் எத்தின பங்கு குறையுதோ அத்தின பங்குதான் பெட்டியும் குறையோணும், கதவும் குறையோணும், கதவுக்குக் கிட்ட நிக்கிற ஆளும் குறையோணும். இந்த அளவைச் சரியாப் பிடிச்சாத்தான் மற்றது எல்லாம் சரிவரும். அதால இண்டைக்குக் கனக்க அளவைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

உலகத்தில ஆகக் கூடப் பேர் பாவிக்கிறது எச்.ஓ. எண்ட அளவு, 87ல ஒரு பங்கு. இங்கிலாந்தில ஓ.ஓ. எண்டு இன்னொண்டு, 76ல ஒரு பங்கு, அதாவது உண்மையான ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர். ரெண்டுக்கும் தண்டவாளம் ஒண்டுதான், 16.5 மில்லிமீற்றர் அகலம். ரெண்டு அளவுக்கும் எப்பிடி ஒரே பாதை எண்டு நீங்கள் கேப்பீங்கள். அந்தக் காலத்தில இங்கிலாந்து எஞ்சினுகள் உடம்பு சின்னன், 87ல ஒரு பங்காக் குறைச்சா உள்ளுக்க மோட்டர் வைக்க இடம் காணாது, அதால பாதையை அப்பிடியே விட்டிட்டு உடம்பை மட்டும் பெருப்பிச்சினம். அவையின்ட உண்மையான பாதை 4 அடி எட்டரை அங்குலம், மொடலில அது 4 அடி ஒண்டரை அங்குலம் மாதிரி ஒடுங்கிப் போச்சு. அவை அதோட பழகிட்டினம், ஹோர்ன்பி எண்ட பெரிய கொம்பனி இண்டைக்கும் அந்த அளவிலதான் கூட விக்குது.

இப்ப எங்கட கணக்குக்கு வருவம். இலங்கையில பாதை 5 அடி 6 அங்குலம், 1676 மில்லிமீற்றர், இந்தியாவில இருக்கிற அதே அகலப் பாதை. இதை அடிக்கு 4 மில்லிமீற்றரில செய்தா 22 மில்லிமீற்றர் தேவை. கடையில கிடைக்கிறது 16.5. சரியாக் கால்வாசி குறைவு. எங்கட பெட்டியை அந்த அளவில செய்து அந்தத் தண்டவாளத்தில வச்சுப் பாத்தா மேல உடம்பு அகலம், கீழ கால் ஒடுக்கம், ரயிலைத் தெரிஞ்ச ஆருக்கும் உடன கண்ணில குத்தும். 22 மில்லிமீற்றர் பாதையைக் கையால செய்யலாம், செய்யிறவையும் இருக்கினம், ஆனா சில்லு, அச்சு, ஒரு பாதை ரெண்டாப் பிரியிற பொயின்ற் எல்லாம் நாங்களே செய்யோணும், வேலைக்குப் போய் வாற மனிசருக்கு அது பெரிய பாரம்.

ஆனா அடிக்கு 3 மில்லிமீற்றர் எண்டு எடுத்துப் பாருங்கோ. அஞ்சரை அடியை மூண்டால பெருக்கினா பதினாறரை. 16.5! உலகம் முழுக்க விக்கிற சாதாரண தண்டவாளம் ஒரு மயிரிழை கூடக் குறையாம எங்கட இலங்கைப் பாதையாகிடும். பிழையை ஒத்துக்கொண்டு ஓட்டுறதுக்கு எங்களுக்குத் தேவையே இல்ல. இந்த 3 மில்லிமீற்றர் அளவு நான் கண்டுபிடிச்சதில்ல, 1957ல இங்கிலாந்தில ட்ரை-யாங் கொம்பனி டி.டி. எண்டு இதே அளவில ரயில் விட்டது, அவையின்ட பாதை 12 மில்லிமீற்றர். எங்களுக்கு அந்த 12 தேவையில்ல, அளவை மட்டும் எடுத்துக்கொண்டு 16.5 பாதையில போட்டாச் சரி.

இந்த அளவு 101.6ல ஒரு பங்கு. வீட்டுப் பிளான் கீறுறவை பாவிக்கிற முக்கோண ரூலர் இருக்கல்லோ, அதில நூறில ஒண்டு எண்டு ஒரு பக்கம் இருக்கும், கட்டிடங்களுக்கு அதையே பாவிக்கலாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கட்டிட மொடலுக்கு விக்கிற நூறில ஒரு பங்கு மனிசப் பொம்மையளும் பொருந்தும். அஞ்சரை அடி உயரமான ஒரு ஆள் இந்த அளவில 16.5 மில்லிமீற்றர், பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம். 60 அடிப் பெட்டி எண்டா 180 மில்லிமீற்றர். மேசையில வைக்கிற அளவுதான்.

எந்த இடத்தை மொடல் செய்யிறது எண்டது அடுத்த கேள்வி. எங்கட பாதை கல்ஓயாச் சந்தியில மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிஞ்சு கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா எண்டு வந்து இஞ்ச முடியுது, 1927ல திறந்தது. ஏறக்குறைய 70 கிலோமீற்றர். என்ர அளவில அதை முழுக்கக் கட்டினா 690 மீற்றர் வேணும், எங்கட ஒழுங்கையே அவ்வளவு நீளமில்ல. அதால நான் சீனக்குடாவை எடுத்தன். உங்களுக்குத் தெரியும்தானே அந்த இடம், ஒரு பக்கம் உள்துறைமுகத்துத் தண்ணி, பிரிமா மா ஆலை உயர்ந்து நிக்குது, அங்கால காட்டுக்குள்ள வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கியள், 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட்ட இடம். ஒரு சின்ன ஸ்டேஷனைச் சுத்தி இவ்வளவு விசயம் கிடைக்கிறது லேசில்ல. மா ஏத்துற வாகன், அதாவது சாமான் பெட்டியும் வேணும், எண்ணெய் வாகனும் வேணும், கொழும்புக்குப் போற இரவு மெயிலும் வேணும். மொடல் செய்யிறவனுக்கு இதைவிட நல்ல இடம் இலங்கையில இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

வளைவைப் பற்றியும் சொல்லோணும். மலைநாட்டுப் பாதையில ஆகக் கடுமையான வளைவு 5 செயின் ஆரை, 330 அடி, என்ர அளவில 990 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட ஒரு மீற்றர். கடையில செட்டா விக்கிற தண்டவாளத்தில சாதாரண வளைவு ஒண்டு 438 மில்லிமீற்றர்தான், உண்மையில அது 146 அடி, அப்பிடி ஒரு வளைவில எங்கட எஞ்சின் எதுவும் திரும்பாது. அதால வட்டம் போடுற யோசனையை விட்டிட்டு அறையின்ட சுவரோட சுவராப் பலகை அடிச்சு, ஒரு மூலையில மட்டும் பெரிய வளைவு விட்டன். வட்டமா ஓடாட்டி என்ன, ரயில் ஒரு இடத்தில இருந்து வெளிக்கிட்டு இன்னொரு இடத்துக்குப் போகோணும், அதுதானே ரயில். வேகத்தையும் அதே அளவில குறைக்கோணும். மணிக்கு 40 கிலோமீற்றர் எண்டா மொடலில செக்கனுக்கு 11 சென்ரிமீற்றர், பாக்கிறவைக்கு ஊருற மாதிரித் தெரியும், ஆனா அதுதான் சரியான வேகம்.

மெதுவா ஓடுறதுக்கு மோட்டர் நல்லா இருக்கோணும், இது என்ர தொழில், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். இந்த எஞ்சினுகளுக்குள்ள இருக்கிறது 12 வோல்ற் டி.சி. மோட்டர். மலிவானதில ஆமேச்சரில, அதாவது உள்ளுக்க கம்பி சுத்தியிருக்கிற சுழலுற பாகத்தில, மூண்டு துருவம் இருக்கும், நல்லதில அஞ்சு. மூண்டு துருவ மோட்டர் மெதுவாச் சுத்தேக்குள்ள ஒவ்வொரு துருவத்துக்கும் ஒரு தரம் இழுத்து இழுத்துப் போகும், ரயில் தள்ளாடும். அஞ்சு துருவம் எண்டா அந்த இழுவை சின்னதாப் பிரிஞ்சு போயிடும். வாங்கிறவை முதல்ல அதைக் கேட்டு வாங்குங்கோ, பெயின்ற் வடிவா இருக்கா எண்டதைப் பிறகு பாக்கலாம். 12 வோல்ற் எண்டதால இன்னொரு வசதி, 2022ல மணித்தியாலக் கணக்கா கரண்ட் வெட்டின காலத்தில வீடே இருட்டு, நாங்கள் மோட்டச்சைக்கிள் பெட்டரியில ரயில் ஓட்டினம், பக்கத்து வீட்டுப் பிள்ளையளெல்லாம் வந்து தரையில இருந்து பாத்ததுகள்.

கடல்காத்துத்தான் எங்கட ஊரில பெரிய எதிரி. தண்டவாளத்தாலதான் கரண்ட் வருது, ஒரு தண்டவாளம் பொசிட்டிவ், மற்றது நெகட்டிவ், சில்லு வழியா மோட்டருக்குப் போகுது, இடையில கொஞ்சம் ஊத்தை இருந்தாலே ரயில் நிண்டிடும். இரும்புத் தண்டவாளம் இஞ்ச வாங்கவே கூடாது, கறள் பிடிக்கும். நிக்கல் சில்வர் எண்டு கேட்டு வாங்கோணும், பேரில சில்வர் இருந்தாலும் அதில வெள்ளி இல்ல, செம்பும் நாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை. துடைக்கிறதுக்கு மண்தாள் பாவிக்காதேங்கோ, அது போட்ட கீறலுக்குள்ள இன்னும் ஊத்தை சேரும். பாமசியில விக்கிற ஐசோபுரோப்பைல் அல்ககோலில துணியை நனைச்சுத் துடைச்சாக் காணும், எஞ்சின் சில்லையும் மறக்கக் கூடாது. பலகைக்குக் கறையான் மருந்து அடிச்சிட்டுத்தான் பாதை போடோணும்.

எஞ்சின், பெட்டி எல்லாம் கடையில வாங்கேலாது, இலங்கை ரயில் இந்த அளவில ஒருத்தரும் செய்து விக்கிறதில்ல. எனக்கு விருப்பமானது எம்2, கனேடியன் எஞ்சின். கொழும்புத் திட்டம் எண்ட வெளிநாட்டு உதவித் திட்டத்தில கனடா தந்தது, 1954ல வரத் தொடங்கினது, ஒன்டாரியோ, அல்பேட்டா எண்டு கனடா மாகாணங்களின்ட பேர் வச்சது, 70 வருசத்துக்குப் பிறகும் அந்த எஞ்சினுகளில சிலது ஓடுது. பழைய எச்.ஓ. டீசல் எஞ்சின் ஒண்டின்ட அடிப்பகுதியை எடுத்து, மேல பிளாஸ்டிக் ஷீற்றில உடம்பை வெட்டி ஒட்டுறன். அளவு எடுக்கிறதுக்கு எஞ்சினுக்கு மேல ஏறத் தேவையில்ல, பாதைக்குள்ள இறங்கவும் கூடாது. பிளட்ஃபோமில நிண்டு நேர் முன்னால தெரியிற மாதிரி ஒரு படம் எடுங்கோ. அந்தப் படத்தில ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில 1676 மில்லிமீற்றர் எண்டு எங்களுக்குத் தெரியும், அதை வச்சு மற்ற எல்லாத்தையும் கணக்குப் பாக்கலாம், கண்ணாடி எவ்வளவு, லைற் எவ்வளவு உயரத்தில, எல்லாம். கட்டிடம் எண்டா ஒரு கல்லை அளந்துபோட்டு மிச்சத்தை எண்ணினாச் சரி.

நிலத்துக்குக் காசே தேவையில்ல. குடிச்சு முடிச்ச தேயிலைச் சக்கையை நல்லாக் காய வச்சு, அரிச்சு, பைண்டர் கம்மைத் தண்ணியில கரைச்சு, அதில ஒரு துளி சட்டி கழுவுற திரவம் விட்டுத் தெளிச்சா அப்பிடியே மண் மாதிரிப் பிடிக்கும். காய வைக்கிறது முக்கியம், ஈரம் இருந்தாப் பூஞ்சணம் பிடிக்கும். தம்பலகாமத்து வயலுக்குத் தேங்காய்த் தும்பைப் பச்சைச் சாயத்தில போட்டு எடுத்து வெட்டி நட்டிருக்கிறம், அது முழுக்க மனிசியும் மகளும் செய்தது, என்னால அவ்வளவு பொறுமையா நடேலாது.

எனக்கு இதில ஆகப் பிடிச்சது டேப்ளட் வேலைதான். டேப்ளட் எண்டா பாதையில போக அனுமதியா டிரைவருக்குக் குடுக்கிற வட்டமான உலோகத் தட்டு. எங்கட ஒழுங்கையில ரயில்வேயில இருந்து பென்சன் எடுத்த ஒரு நானா இருக்கிறார், அவர்தான் வந்து இருந்து விளங்கப்படுத்தினவர். ஒற்றைப் பாதையில ரெண்டு ஸ்டேஷனுக்கு இடையில ஒரு நேரத்தில ஒரு ரயில்தான் நிக்கலாம். ரெண்டு ஸ்டேஷனிலயும் ஒவ்வொரு மிசின் இருக்கும், கம்பியால இணைச்சிருக்கும், ஒரு டேப்ளட் வெளியில வந்திட்டா அது திரும்ப ஏதாவது ஒரு மிசினுக்குள்ள போற வரைக்கும் இன்னொண்டு எடுக்கேலாது. அந்த டேப்ளட் கையில இல்லாம டிரைவர் வெளிக்கிடக் கூடாது. வளையத்துக்குள்ள வச்சு, ஓடுற ரயிலுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் நீட்ட, எஞ்சினில இருந்து கையை விட்டுக் கொழுவி எடுக்கிறதைப் பாத்திருப்பீங்கள்.

அதை நான் ரிலே, அதாவது கரண்டால வேலை செய்யிற சுவிச் வச்சுச் செய்தன். அறையின்ட ரெண்டு பக்கத்திலயும் ரெண்டு பெட்டி, பித்தளை வாஷர்தான் டேப்ளட். ஓட்டுற ஆள் வாஷரைத் தன்ர கொன்ட்ரோலரில இருக்கிற துவாரத்துக்குள்ள போட்டாத்தான் அந்தத் துண்டுப் பாதைக்குக் கரண்ட் போகும். மகள் சீனக்குடா மாஸ்டர், பக்கத்து வீட்டுப் பெடியன் தம்பலகாமம் மாஸ்டர், மணி அடிச்சுத்தான் கதைக்கோணும், வாயால கதைக்கக் கூடாது எண்டு அவையே சட்டம் போட்டு வச்சிருக்கினம். நானா வந்தா கதிரையைப் போட்டு நடுவில இருப்பார். ஒருநாள் பெடியன் கேட்டான், "மாமா, டேப்ளட் துலைஞ்சா என்ன செய்வினம்?" நானா அதுக்கு நெடுக நேரம் இருந்து பதில் சொன்னார், மனிசி சாப்பிடக் கூப்பிட்டும் ஒருத்தரும் எழும்பேல்ல.

இப்ப ஒரு உதவி கேக்கோணும். சீனக்குடா ஸ்டேஷன், திருகோணமலை ஸ்டேஷன் சாமான் யார்ட், ரயில்வே குவார்ட்டர்ஸ், இதுகளின்ட பழைய படம் ஏதும் உங்கட வீட்டு அல்பத்தில இருந்தா இந்த வானொலி நிலையத்தில சொல்லி விடுங்கோ. கலியாண வீட்டுக்கு வந்த ஆக்கள் ஸ்டேஷனில நிண்டு எடுத்த படமெண்டாலும் பரவாயில்ல, எனக்குத் தேவை அவைக்குப் பின்னால தெரியிற சுவரும் கூரையும். கறுப்பு வெள்ளைப் படமெண்டா, ஜன்னலுக்கும் வேலிக்கும் அப்ப என்ன நிறம் அடிச்சிருந்தது எண்டு ஞாபகம் இருக்கிற ஆக்களையும் கேட்டுச் சொல்லுங்கோ. முக்கியமா மா ஏத்தின வாகனின்ட பக்கவாட்டுப் படம் வேணும், அதுக்குக் கதவு எந்தப் பக்கம் இழுபடுது எண்டு தெரிஞ்சா அடுத்த கிழமையே வெட்டத் தொடங்கிடுவன். வணக்கம்.