எந்த எண், எந்த வடிவம், எந்தக் கட்டம்?

நேயர்களுக்கு வணக்கம்.

2025 மே மாதம், அமெரிக்காவில் வாழும் நம்மவர்களின் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீத வரி வரப்போகிறது என்றது அது. கொஞ்ச நாளில் 3.5 சதவீதம் என்றார்கள். சூன் கடைசியில் 1 சதவீதம் என்றார்கள். எதை நம்புவது என்று கேட்டவர்கள் ஏராளம்.

மூன்றுமே உண்மைதான். பிரதிநிதிகள் சபையின் வரிக்குழுவான ‘வேஸ் அண்ட் மீன்ஸ்’ கமிட்டி மே மாதம் எடுத்துக்கொண்ட வரைவில் 5 சதவீதம் இருந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு அந்த வரி. மே 22 அன்று 215க்கு 214 என்ற கணக்கில் சபை அதை நிறைவேற்றியபோது, அது 3.5 ஆகக் குறைந்திருந்தது. செனட் தன் வரைவை மாற்றி எழுதி 1 சதவீதம் ஆக்கியது. சூலை 1 அன்று துணை அதிபரின் வாக்கு சேர்ந்துதான் அங்கே நிறைவேறியது. சூலை 3 அன்று பிரதிநிதிகள் சபை செனட்டின் வாசகத்தை அப்படியே ஏற்றது. மறுநாள் அதிபர் கையெழுத்திட்டார்.

கடைசியில் சட்டமானது என்ன? குடிமகனா இல்லையா என்ற கேள்வியே போய்விட்டது. ரொக்கமாகவோ, மணி ஆர்டராகவோ, கேஷியர் காசோலையாகவோ கொடுத்து அனுப்பினால் மட்டும் 1 சதவீதம். அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அமெரிக்காவில் வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. 2026 சனவரி 1 முதல் இது நடைமுறை. கவுன்டரில் ரொக்கமாக ஆயிரம் டாலர் கட்டி அனுப்புகிறவருக்கு 10 டாலர். வங்கிக் கணக்கிலிருந்து செயலி வழியாக அனுப்புகிறவருக்கு ஒன்றுமில்லை.

அந்த வாரங்களில் வந்த செய்திகளின் கோளாறு பொய் அல்ல. எந்த வடிவத்தைப் பற்றி, எந்தக் கட்டத்தில் பேசுகிறோம் என்று சொல்லாமல் விட்டதுதான் கோளாறு. குடியேற்றம், வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று எந்தத் துறையில் மசோதாவைப் பின்தொடர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை மூன்றுதான்: எண் என்ன, எந்த வடிவம், எந்தக் கட்டம்.

எண்ணிலிருந்து தொடங்குவோம். பிரதிநிதிகள் சபையில் பிறந்த மசோதா ‘எச்.ஆர்.’ என்றும், செனட்டில் பிறந்தது ‘எஸ்.’ என்றும் தொடங்கும். ‘ஜே.ரெஸ்.’ என்று வரும் கூட்டுத் தீர்மானமும் சட்டமாகலாம். வெறும் ‘எச்.ரெஸ்.’, ‘எஸ்.ரெஸ்.’ என்று வருபவையும், ‘கான்.ரெஸ்.’ என்பவையும் சட்டமாகவே ஆகாதவை. சபையின் கருத்தைச் சொல்பவை, அல்லது உள்நடைமுறைக்கானவை. ஒரு பண்டிகையைப் பாராட்டி வரும் தீர்மானம் பெரும்பாலும் இந்த வகை. அதைச் ‘சட்டம் வந்துவிட்டது’ என்று பரப்புவதை இனியாவது நிறுத்தலாம்.

எண் மட்டும் போதாது. எத்தனையாவது காங்கிரஸ் என்பதும் வேண்டும். காங்கிரஸ் என்பது இரண்டு சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்; ஒவ்வொரு காங்கிரசும் இரண்டு ஆண்டு. 2025 சனவரி 3 அன்று தொடங்கியது 119ஆவது. ஒவ்வொரு முறையும் எண்கள் ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கும். பணம் அனுப்பும் வரி வந்தது 119இன் எச்.ஆர். 1இல். 117இன் எச்.ஆர். 1 தேர்தல் சீர்திருத்த மசோதா. 115இன் எச்.ஆர். 1தான் 2017இன் வரிக்குறைப்புச் சட்டமானது.

எண் கையில் இருந்தால் காங்கிரஸ் டாட் கவ் என்ற தளத்துக்குப் போங்கள். காங்கிரஸ் நூலகம் நடத்துவது, இலவசம். மசோதாவின் பக்கத்தில் மேலே, அறிமுகத்திலிருந்து சட்டமானது வரை கட்டங்களைக் காட்டும் ஒரு பட்டை இருக்கும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் ‘ஆக்‌ஷன்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, தேதிவாரியாக என்ன நடந்தது என்று பாருங்கள். அடுத்து ‘டெக்ஸ்ட்’ பகுதி. அங்கே ஒரே மசோதாவுக்குப் பல வடிவங்கள் கிடக்கும். ‘இன்ட்ரடியூஸ்டு’ என்பது உறுப்பினர் தாக்கல் செய்தபடி. ‘ரிப்போர்ட்டட்’ என்பது குழு திருத்தி அனுப்பியது. ‘என்கிராஸ்டு’ என்பது ஒரு சபை நிறைவேற்றியது. ‘என்ரோல்டு’ என்பது இரண்டு சபையும் ஒரே வாசகமாக ஏற்று அதிபருக்குப் போவது. செய்தித்தாள் கட்டுரையைப் படிக்கும்போது அதன் தேதியை இந்த வரிசையோடு வைத்துப் பாருங்கள். எந்த வடிவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

அந்தத் தளத்தில் துறைவாரியாகத் தேடும் வசதி உண்டு. காங்கிரஸ் ஆய்வுச் சேவையினர் ஒவ்வொரு மசோதாவுக்கும் 32 துறைகளில் ஒன்றைக் குறிக்கிறார்கள். நல்ல வசதிதான், ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒரு மசோதாவுக்கு ஒரே ஒரு துறைதான். நூற்றுக்கணக்கான பக்கம் நீளும் மசோதாவானாலும் அப்படியே. குடியேற்றத் துறையை மட்டும் கவனிக்கிறவருக்கு, பாதுகாப்பு மசோதாவின் நடுவில் ஒளிந்திருக்கும் விசா விதி கண்ணில் படாது. இரண்டாவது, துறைக்குறியும் சுருக்கமும் மசோதா தாக்கலான அன்றே வருவதில்லை. மூல வாசகம் அச்சாகி வரவே சில நாள் ஆகலாம். சுருக்கம் வர வாரக்கணக்கில்கூட ஆகும். துறைக்குறியை மட்டும் நம்பித் தேடினால் புத்தம் புதியவை எல்லாம் நழுவும்.

இதற்குத் தொழில் தெரிந்தவர்கள் செய்யும் வேலை, சட்டப்பிரிவின் எண்ணைக் கொண்டு தேடுவது. மசோதாக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள சட்டத்தைத் திருத்துபவை. ‘இன்ன பிரிவில் இந்தச் சொல்லை நீக்கி அந்தச் சொல்லைச் சேர்’ என்றுதான் எழுதியிருக்கும். கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு, அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 8ஆம் தலைப்பு, 1152ஆம் பிரிவில் இருக்கிறது. ‘எட்டு யு.எஸ்.சி. 1152’ என்பதை மேற்கோள் குறிக்குள் இட்டு மசோதா வாசகங்களில் தேடி, அந்தத் தேடலைச் சேமித்து, மின்னஞ்சல் அறிவிப்பைப் போட்டுவையுங்கள். மசோதாவுக்கு எந்த அலங்காரப் பெயர் வைத்தாலும், எந்த மசோதாவுக்குள் சொருகினாலும், அந்தப் பிரிவைத் தொட்டால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

வாசகத்தைப் படித்தால் ஒன்றும் புரியவில்லையே என்பீர்கள். ‘மூன்றாம் பத்தியில் 7 என்பதை 15 என்று மாற்று’ என்ற வரி தனியாக நின்றால் யாருக்கும் புரியாது. குழுவைக் கடந்த மசோதா என்றால் குழு அறிக்கையைத் திறந்து, அதன் கடைசிப் பகுதிக்குப் போங்கள். நடப்புச் சட்டத்தில் எது அடிபடுகிறது, எது சேர்கிறது என்று ஒரே இடத்தில் காட்டியிருப்பார்கள். பிரதிநிதிகள் சபை விதிப்படி இது கட்டாயம். செனட்டிலும் அப்படி ஒரு விதி உண்டு.

இனி, எது நகரும், எது நகராது? ஒரு காங்கிரசில் தாக்கலாகும் மசோதாக்களும் தீர்மானங்களும் பல்லாயிரம். சட்டமாகிறவை சில நூறு. 118ஆவது காங்கிரசில் 300கூட ஆகவில்லை. ஆகவே ‘தாக்கல் செய்யப்பட்டது’ என்ற செய்திக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும், பதற்றம் வேண்டாம். பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது என்பதும் செய்தியே அல்ல. அநேகமாக எல்லா மசோதாவும் அப்படித்தான் அனுப்பப்படும்.

கவனிக்க வேண்டிய அசைவுகள் வேறு. குழுவில் ‘மார்க்-அப்’, அதாவது வரிக்குவரி திருத்தி வாக்கெடுக்கும் கூட்டம் அறிவிக்கப்பட்டால், அது முதல் உண்மையான அசைவு. உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் குழுவில் இருந்தால் தொலைபேசியில் பேச வேண்டிய நேரமும் அதுதான். சபையில் வந்த பிறகு பேசினால் ஆறின கஞ்சி. குழு ஒப்புதலுக்குப் பின் காங்கிரஸ் பட்செட் அலுவலகம் செலவு மதிப்பீடு வெளியிடும்; சில பக்கம்தான், கட்சிச் சாயம் இல்லாமல் மசோதா என்ன செய்கிறது என்று சொல்வதற்கு அதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிரதிநிதிகள் சபையில் வரும் வாரம் எடுக்கப்போகும் மசோதாக்களின் பட்டியல் டாக்ஸ் டாட் ஹவுஸ் டாட் கவ் தளத்தில் வரும். வார இறுதியில் ஒரு பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கினால் நிறைய மிச்சம்.

கூட்டு ஆதரவாளர்கள், அதாவது மசோதாவில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் உறுப்பினர்கள், எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நாட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதா, 116ஆவது காங்கிரசின் எச்.ஆர். 1044, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் ஆதரவோடு வந்தது. 2019 சூலையில் 365க்கு 65 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றக் கேட்டபோதெல்லாம் யாராவது ஒருவர் எழுந்து மறுத்தார். ஒரே ஒரு செனட்டர் மறுத்தால் அந்த வழி அடைபடும். ஒவ்வொரு மறுப்பையும் சமாளிக்கத் திருத்தம் மேல் திருத்தம் சேர்த்தார்கள். 2020 டிசம்பர் 2 அன்று செனட்டும் ஒரு வடிவத்தை மறுப்பின்றி நிறைவேற்றியது. அன்று பலர் இனிப்பு வாங்கியிருப்பார்கள். ஆனால் அது பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வாசகம் அல்ல. இரண்டு சபையும் ஒரே வாசகத்தை ஏற்றாக வேண்டும். ஒரு மாதத்தில் அது நடக்கவில்லை. 2021 சனவரி 3 அன்று காங்கிரஸ் முடிந்தது, மசோதாவும் போயிற்று. ‘இரண்டு சபையிலும் பாஸாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால், ஒரே வடிவமா என்று திருப்பிக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. குழுத் தலைவர் கிடப்பில் போட்டாலும் 218 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் மசோதாவை அவைக்கு இழுத்து வரலாம். ‘டிஸ்சார்ஜ் பெட்டிஷன்’ என்று பெயர். அபூர்வமாகத்தான் பலிக்கும். 118இன் எச்.ஆர். 82, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய வெட்டை நீக்கும் மசோதா, 2024 செப்டம்பரில் இப்படி 218ஐ எட்டி, பிறகு சட்டமானது. வேறு நாட்டு வேலைக்கு ஓய்வூதியம் வாங்கியதால் அமெரிக்கப் பணம் குறைந்திருந்த முதியவர்களுக்கும் அது பயன்பட்டது. இந்தியாவில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்று, பிறகு இங்கேயும் உழைத்தவர்கள் வீட்டில் இருந்தால் விசாரியுங்கள்.

இப்போது பெயர் ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். வரி வருவாய் தொடர்பான மசோதா பிரதிநிதிகள் சபையில்தான் பிறக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். அதனால் செனட், ஏற்கெனவே வந்த ஏதாவது ஒரு எச்.ஆர். எண்ணை எடுத்து, உள்ளே இருப்பதை முழுக்க வழித்துப்போட்டுப் புதுச் சரக்கை அடைக்கும். 2010இன் ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான எச்.ஆர். 3590, பிறந்தபோது படைவீரர்கள் வீடு வாங்குவதற்கான வரிச்சலுகை மசோதா. வரி தொடர்பில்லாமலும் இப்படி நடக்கும்: கணினிச் சில்லுத் தயாரிப்பை ஊக்குவிக்கும் 2022இன் சிப்ஸ் சட்டம், நாடாளுமன்றச் செலவுக்கான ஒதுக்கீட்டு மசோதாவின் எண்ணில் வந்தது. அறிமுக வடிவத்தைப் படித்துவிட்டு ‘இதில் ஒன்றுமில்லை’ என்று மூடியவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

இன்னொரு வழி, நிறைவேறியே தீரவேண்டிய வண்டியில் ஏறிக்கொள்வது. அறுபதாண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் தவறாமல் நிறைவேறுவது பாதுகாப்பு அங்கீகார மசோதா. சிறு நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று கருவூலத் துறைக்குத் தெரிவிக்கும் கடமை, 2021இன் பாதுகாப்பு மசோதாவுக்குள்தான் வந்தது. மளிகைக் கடையும் மோட்டலும் நடத்துகிறவர்கள் ராணுவ மசோதாவை எதற்குப் படிக்கப் போகிறார்கள்? மூன்றாண்டு கழித்து அந்தக் கடமை அமலுக்கு வந்தபோதுதான் பலருக்குச் சேதி எட்டியது. அதன் பிறகு 2025 மார்ச்சில் கருவூலத் துறை ஒரு விதியால் உள்நாட்டு நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. சட்டம் மாறவில்லை, விதி மாறியது.

அதனால் காங்கிரசை மட்டும் பார்த்திருப்பதும் போதாது. 2025 செப்டம்பர் 19 அன்று புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று வந்தது மசோதா அல்ல, அதிபரின் பிரகடனம். அதற்கு மசோதா எண்ணும் குழுவும் மார்க்-அப்பும் கிடையாது. ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழின் தளத்திலும் ஒரு மின்னஞ்சல் அறிவிப்பைப் போட்டுவையுங்கள். முன்மொழியப்பட்ட விதிகள் அங்கே வரும்போது, கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 முதல் 60 நாள் அவகாசம் இருக்கும்.

எத்தனை மசோதாவைக் கவனிப்பது? தனியாளுக்குப் பத்து பன்னிரண்டு போதும். ஒரு அட்டவணையில் காங்கிரஸ், எண், மற்ற சபையில் இருக்கும் இணை மசோதாவின் எண், குழு, கடைசியாக நடந்தது, அதன் தேதி, நீங்கள் படித்த வடிவம் எது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன ‘படித்த வடிவம்’ என்பதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். சங்கங்கள் நடத்துகிறவர்கள், கணினி தெரிந்த பிள்ளைகளை வைத்து, காங்கிரஸ் டாட் கவ் தளத்தின் ஏ.பி.ஐ., அதாவது கணினி நிரல்கள் நேரடியாகத் தகவல் கேட்கும் வழி, மூலம் தானாகவே தகவல் எடுக்கலாம். சாவி இலவசம், மணிக்கு 5,000 கேள்வி வரை கேட்கலாம். ‘புதுப்பித்த தேதி’யை வைத்து அறிவிப்பு அனுப்ப மட்டும் வேண்டாம். ஒரு ஆதரவாளர் சேர்ந்தாலும், ஒரு குறிப்பைத் திருத்தினாலும் அந்தத் தேதி மாறும். தினமும் பொய் மணி அடித்தால், உண்மையில் அடிக்கும் அன்று யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள். கடைசி நடவடிக்கையின் தேதியை வையுங்கள்.

119ஆவது காங்கிரஸ் 2027 சனவரி 3 அன்று முடிகிறது. அதற்குள் இரண்டு சபையையும் கடக்காத எல்லா மசோதாவும் அன்றே காலாவதி. ஆனால் இரண்டு சபையும் ஒரே வடிவில் நிறைவேற்றியது அதிபர் மேசையில் இருந்தால் அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவருக்கு உண்டு. நான் சொன்ன எச்.ஆர். 82, 2025 சனவரி 5 அன்று, 118 முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் கையெழுத்தானது. மற்றவற்றைப் பொறுத்தவரை, புதிய காங்கிரசின் முதல் சில மாதங்களில், பழைய மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயரையும் அந்தச் சட்டப்பிரிவின் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். அதே சரக்கு புது எண்ணில் வந்திருந்தால் அங்கே தெரியும். பழைய வாசகத்தோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.