பிள்ளைகளை வளர்க்கிறது வகுப்பறையா, நூலகமா? – நூலகமே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணில இருக்க அண்ணாச்சிமாரே, அக்காமாரே, முன்னால உக்காந்திருக்க பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இப்ப பேசிட்டுப் போன அண்ணாச்சி, "எழுத்து சொல்லிக் குடுத்தது பள்ளிக்கூடம்லா, அது இல்லன்னா லைப்ரரில போயி என்னத்த வாசிப்ப"ன்னு கேட்டாவ, நல்லா கைதட்டலும் வாங்கினாவ. சரிதான் அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துக்குப் பேரு போன பாளையங்கோட்டைல நின்னுக்கிட்டு பள்ளிக்கூடத்த நான் குறை சொல்லுவனா? ஆனா எழுத்து கூட்டப் படிச்ச பிள்ளை அதுக்கப்புறம் எதை வாசிக்குது, யாரு சொல்லி வாசிக்குது, அதுல்லா கேள்வி!

வகுப்புல நாப்பது பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே டெஸ்ட்டு. லைப்ரரில அப்படியா? ரெண்டு பக்கம் வாசிச்சிப் பாத்து புடிக்கலன்னா மூடி வச்சிட்டு வேற எடுக்கலாம், ஏன்னு கேக்க ஆளு கிடையாது. எது எனக்கு வேணும்னு ஒரு பிள்ளை தானா முடிவு பண்ணுத முதல் இடம் அதுதான்யா. சீர்காழில பொறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைல காலேஜ்ல கணக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தவரு, 1924ல பல்கலைக்கழக நூலகத்துக்கு நூலகரா போனாரு. 1931ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினாரு, அதுல ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். நாப்பது பேருக்கு ஒண்ணு இல்ல, ஆளுக்கு ஒண்ணு! வகுப்பறைல இருந்து வந்த வாத்தியாரு சொன்னது இது.

எங்க தெருவுல வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாவ. சாயங்காலம் திண்ணைல அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு சித்தின்னு எல்லாரும் தட்டோட உக்காந்திருவாவ, நான் பக்கத்துல உக்காந்து பீடிக்கு நூல் கட்டணும். லைப்ரரில எடுத்த புத்தகத்த ஒரு நாளு சத்தமா வாசிச்சேன், கப்பல் உடைஞ்சி ஒரு பையன் தீவுல ஒதுங்குன கதை, மறுநாளு அத்தை கேக்காவ, "பிள்ள, அந்தப் பையன் என்னடி ஆனான்? நீ வாசி, உன் பங்கு நூலை நான் கட்டுதேன்." கேரளாவுல கண்ணூர் பக்கம் பீடிக் கம்பெனில ஒருத்தர் பேப்பர் வாசிக்க மத்தவங்க அவரு பங்கு பீடியையும் சேத்து சுத்திக் குடுப்பாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுது, எங்க அத்தைக்கு அதெல்லாம் யாரும் சொல்லல. என் குரலுக்காக பெரியவங்க காத்திருக்காவன்னு அந்தத் திண்ணைலதான் எனக்கு மனசுல பட்டுது. இவள தட்டுல உக்கார வைக்காத, காலேஜுக்கு அனுப்புன்னு அம்மாகிட்ட சண்டை போட்டது அந்த அத்தைதான், என் மார்க் ஷீட்டை அவிய பாத்ததே கிடையாது. அவிய கேட்டது கதையத்தான்!

அப்புறம், இந்த நூலகம் யாரோ போடுத தர்மம் இல்ல. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948ல, சுதந்திர இந்தியாவுலயே முதல்ல பொது நூலகச் சட்டம் போட்டது நம்ம மெட்ராஸ் மாகாணம்தான். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு போட்டிருக்கும், வரில ரூபாய்க்கு 10 பைசா. காசு குடுத்தாச்சி, பிள்ளை பேருல ஒரு கார்டு எடுக்க மட்டும் ஏன் இவ்வளவு யோசனை? வெள்ளிக்கிழமைதான் அங்க வார லீவு, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்க ஞாயித்துக்கிழமை உங்க பிள்ளை எங்க போவுது?

ஸ்கூல்லயும் லைப்ரரி இருக்கேன்னு எதிரணி அக்கா சொன்னாவ. இருக்குக்கா. நான் படிச்ச ஸ்கூல்லயும் இருந்துச்சி, கண்ணாடி பீரோவுல அடுக்கி, பூட்டி. வெளிய நின்னு அட்டையத்தான் பாத்தோம், கிழிச்சிருவோமாம். பிள்ளை கை படாத புத்தகத்துக்கு பேரு நூலகமா? அடுத்து பேச வார தங்கச்சி வேற எதையும் சொல்ல வேண்டாம், தான் படிக்க ஸ்கூல்ல அந்த பீரோ சாவி யாருகிட்ட இருக்கு, கடைசியா அது எப்ப திறந்துச்சின்னு மட்டும் சொல்லட்டும், அதை வச்சே நீங்க தீர்ப்பு குடுங்க நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.