கேட்டால் உறவு நிற்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சொந்தக்காரர் நடத்தும் சிறு தொழிலில் காசு கொடுத்து வாங்கியது சரியில்லை என்றால், பணத்தைத் திரும்பக் கேட்பது உறவைக் காக்குமா, கெடுக்குமா? இதுதான் தலைப்பு. காக்கும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். "தூக்கிவிட வேண்டிய கையே தட்டிவிடலாமா?" என்று கேட்டார். "போனது போகட்டும் என்று விட்டுவிடுங்கள்" என்றார். நடுவர் அவர்களே, வாய் விட்டுவிடும். மனசு விடுமா?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தம்பி மரச்சாமான் தொழில் தொடங்கியிருக்கிறான். அக்கா பணம் கொடுத்து அவனிடம் ஒரு மேசை வாங்குகிறாள். ஒரே மாதத்தில் ஒரு கால் ஆட ஆரம்பிக்கிறது. பழைய அட்டையை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிடுகிறாள். தம்பி வரும்போதெல்லாம் அந்த அட்டை தெரியாதபடி மேசைவிரிப்பை இழுத்துவிடுகிறாள். "மேசை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்குடா" என்கிறாள். அவன் கிளம்பியதும் வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். அக்கா தங்கையிடம் போனில் புலம்புகிறாள். தங்கை அதை அம்மாவிடம் சொல்கிறாள். கடைசியில் மேசை ஆடுவது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அதைச் செய்துகொடுத்தவனைத் தவிர. அப்புறம் அவன் கட்டில் செய்தாலும் அலமாரி செய்தாலும், அக்கா வீட்டில் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார்கள். ஏன் என்று அவனுக்குப் புரியவே புரியாது. அவனுக்குள்ளும் ஒரு வருத்தம் விழும். நடுவர் அவர்களே, அந்த வீட்டில் பணத்தை யாருமே கேட்கவில்லை. ஆனாலும் உறவு கெட்டுவிட்டது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் இதை விளக்கினார். மனநிறைவு இல்லாத வாடிக்கையாளருக்கு இரண்டு வழிகள் உண்டு: சத்தமில்லாமல் விலகிப் போவது, அல்லது குறையை வாய்விட்டுச் சொல்வது. பற்று உள்ளவர்கள் சட்டென்று விலக மாட்டார்கள், சொல்லித் திருத்தப் பார்ப்பார்கள் என்றார் அவர். அப்படியென்றால் முதலில் வாய் திறக்க வேண்டியது யார்? முகம் தெரியாத வாடிக்கையாளரா, கூடப் பிறந்தவளா?

"சொந்தத்துக்குள் உரிமை பேசலாமா?" என்றும் நண்பர் கேட்டார். 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளைச் சொன்னார். தன் குரல் கேட்கப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்த நாளைத்தான் உலகம் நுகர்வோர் உரிமை நாளாக வைத்திருக்கிறது. சொந்தக்காரராக இருந்தால் அந்த உரிமை இல்லை என்று யாரும் விதிவிலக்கு எழுதவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்களும் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "இப்போதுதான் தளிர்க்கும் தொழில், பணத்தைத் திருப்பிக் கேட்டால் தாங்குமா?" இந்தக் கவலை நியாயமானது. சிறு தொழிலில் வாங்கியவர் கொடுத்த பணம் பெட்டியில் உறங்காது. அன்றைக்கே சரக்காகவும் வாடகையாகவும் கூலியாகவும் மாறிவிடும். ஆனால் சொல்லாமல் இருப்பதால் வரும் நட்டத்தையும் பாருங்கள். மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்து விற்பவர், பழுதான பொருளைப் பெரும்பாலும் ஒரு கெடுவுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நாம் உடனே சொன்னால் அவர் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூச்சப்பட்டு மாதக்கணக்கில் அடக்கிவைத்துச் சொன்னால், கெடு முடிந்து முழு நட்டமும் அவர் தலையில் விழும். இன்னொன்று, திரும்பி வந்த பொருள் கணக்கில் ஏறினால்தான் எந்தச் சரக்கை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அக்கா மறைத்த அதே கோளாறு அடுத்த பத்து மேசைகளிலும் இருந்தால்? அவற்றை வாங்கியவர்கள் யாரும் மேசைவிரிப்பை இழுத்துவிட மாட்டார்கள். ஊரெல்லாம் சொல்வார்கள்.

எதற்கெடுத்தாலும் பணத்தைக் கேள் என்று எங்கள் அணி சொல்லவில்லை. அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன பொருளை, மனசு மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது அநியாயம். அதைச் சொந்தக்காரரிடமும் செய்யக் கூடாது, அயலாரிடமும் செய்யக் கூடாது. பழுது என்றால் முதலில் சரிசெய்யச் சொல்லலாம், முடியாவிட்டால் மாற்றித் தரச் சொல்லலாம், அதுவும் ஆகாதபோது பணம். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் கொடுத்த தொகையை மட்டும் கேட்க வேண்டும். கையில் இல்லை என்றால் இரண்டு மூன்று தவணையாகத் தரட்டும். சொந்தம் என்பதற்காகக் காட்ட வேண்டிய சலுகை அங்கே இருக்கிறது.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுக் கேட்டால் அது அவமானம். விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டால் சண்டை. பெரியவர்களைத் தூது விட்டால் அது பஞ்சாயத்து. தனியாகக் கூப்பிட்டு, பில்லையும் பொருளையும் காட்டி, "இந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் பொருளைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்களே தொழில் நடத்துகிறீர்கள், நீங்கள் விற்ற பொருள் பழுது. அதை உங்கள் அக்கா நேரில் வந்து சொல்ல வேண்டுமா, அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.